பதின்மூன்றாம் மாதம்

கனடா தேசத்தில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. சாதாரணப் பிரஜைகள் ஐந்து பேர் ஒன்றுகூடி, தங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத, தங்கள் பாஷை தெரியாத, உலகத்தின் வேறொரு மூலையில் ஏதோ ஒரு முகாமில் காலம் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் பெயரைக் குறிப்பிட்டு, ‘இவர்களை வரவிடுங்கள், ஒரு வருஷ காலம் இவர்களுடைய வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் நாங்கள் ஜவாப்தாரி’ என்று சர்க்காருக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க அந்தச் சட்டம் இடந்தருகிறது. கையெழுத்து விழுந்த பிறகு அது மனமிருந்தால் செய்வது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்ற தர்ம காரியமாக நிற்பதில்லை. நிறைவேற்றியே தீரவேண்டிய ஒப்பந்தமாகிவிடுகிறது. பன்னிரண்டு மாதம் கழிந்ததும் ஒப்பந்தம் தீர்கிறது. அதற்கு அடுத்த மாதத்து வாடகையை அந்தக் குடும்பமே கட்டியாக வேண்டும். இந்தக் காரியத்தில் ஈடுபட்டவர்கள் கூடிப் பேசும்போது ‘பதின்மூன்றாம் மாதம்’ என்ற சொல், பள்ளிப் பிள்ளைகள் வாயில் வருஷாந்தப் பரீட்சை அடிபடுவதுபோல, அடிக்கடி அடிபடும்.

அகதிகளுக்கு உதவுவது என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது கவிழும் படகும், போர்த்தும் கம்பளியும், கஞ்சிக்கு நீளும் வரிசையுமே. உயிரைக் காப்பாற்றும் அந்த உதவியின் மகிமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் உயிர் பிழைத்தவன் அதன்பின் நாற்பது, ஐம்பது வருஷம் வாழ வேண்டியிருக்கிறதே, அந்த வாழ்வு எப்படி அமைகிறது என்பதில் நமக்கு அவ்வளவு சிரத்தை இருப்பதில்லை. அந்நிய நாட்டில் ஒருவனைக் குடியமர்த்த நாம் செய்யும் எந்த உபகாரத்தையும், அது பதின்மூன்றாம் மாதத்தில் அவனுக்கு எவ்வளவு பயன்பட்டது என்று பின்னோக்கிப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கனடாவின் அநுபவத்தை விஸ்தாரமாகப் பார்க்கத் துணிந்ததற்கும் அதுவே காரணம்.

அந்த நாட்டார் பிறவியிலேயே விருந்தோம்பும் குணம் படைத்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெரும்பாலும் சீக்கியர்களான 376 பிரயாணிகளுடன் ‘கோமகட்டா மாரு’ என்னும் கப்பல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தபோது, பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல் நேராக வந்தவர்களுக்கே அனுமதி என்ற விதியைக் காட்டி, ஏறக்குறைய அனைவரையும் கரையேற விடாமல் இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்துப் பிறகு திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேர்க்கப்பல் போக்குவரத்தே அப்போது கிடையாது என்பதை நன்கு அறிந்துதான் அந்த விதியை இயற்றியிருந்தார்கள். கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் வந்திறங்கியவர்கள்மீது பிரிட்டிஷ் சர்க்காரின் துப்பாக்கி பேசியது தனிக் கதை. 1939-இல் ஜெர்மனியிலிருந்து தப்பிய 900-க்கும் மேற்பட்ட யூதர்களைச் சுமந்துவந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலுக்கும் கனடா இடம் கொடுக்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்குப் பலியானார்கள்.

இந்த இரண்டாவது பாவத்தின் நினைவே நாற்பது வருஷம் கழித்து வேறொரு காரியத்துக்கு வித்தாயிற்று. 1979-ஆம் ஆண்டில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் ஓட்டைப் படகுகளிலும் கால்நடையாகவும் வெளியேறிக்கொண்டிருந்த சமயம், யூதர்களுக்குக் கதவடைத்த சரித்திரத்தை ஆராய்ந்து இர்விங் அபெல்லா, ஹெரால்ட் ட்ரோப்பர் என்ற இரு பேராசிரியர்கள் எழுதிய கட்டுரை, அப்போது குடியேற்ற மந்திரியாக இருந்த ரான் அட்கியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கதவைச் சாத்திய மந்திரி என்று சரித்திரத்தில் பெயர் வாங்க அவருக்கு மனமில்லை. தனி மனிதர்கள் அகதிகளுக்குப் பொறுப்பேற்கலாம் என்ற ஷரத்து 1976-இல் இயற்றி 1978-இல் அமலுக்கு வந்த குடியேற்றச் சட்டத்திலேயே இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் யாருமில்லை. 1979 மார்ச்சில் மென்னனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் சபை முதன்முதலாக சர்க்காருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. தாமும் ஒரு காலத்தில் ருஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்களின் சந்ததிகள் என்ற நினைவு அச்சபையாரில் பலருக்கு இருந்தது.

ஜூலை மாதத்தில் ஒட்டாவா நகரத்து மேயர் மரியன் டியூவர் என்ற அம்மையார், 4,000 பேரை எங்கள் நகரமே ஏற்கும் என்று அறிவித்துவிட்டார். அதற்காக 12-ஆம் தேதி அவர் கூட்டிய கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். ஒரு வாரத்துக்குள் சர்க்காரும் இறங்கிவந்து, 1980 முடிவதற்குள் 50,000 பேரை வரவழைப்பதாகவும், ஜனங்கள் ஓர் அகதியை ஏற்றால் சர்க்கார் இன்னொருவரை ஏற்கும் என்றும் சொல்லிற்று. விளைவு, உத்தியோகஸ்தர்கள் கனவிலும் எதிர்பாராதது. மாதா கோயில்களிலும், தெருக்களின் குடியிருப்போர் சங்கங்களிலும், ஆபீசுகளிலும் குழுக்கள் முளைத்தன. மொத்தம் 7,000-க்கு மேல் என்று கணக்கு. டிசம்பருக்குள், ஜனங்கள் தங்கள் பங்குக்கு மேலாகவே ஏற்றுவிட்டதைக் கண்ட சர்க்கார், அப்படியானால் எங்கள் பங்கைக் குறைத்துக்கொள்கிறோம் என்று மெல்ல நழுவப் பார்த்தது. குழுக்களுக்கு வந்த கோபம் நியாயமானதே. பிரஜைகளின் பரோபகாரத்தைத் தன் செலவைக் குறைக்கும் உபாயமாகக் கருதும் சபலம் எந்த சர்க்காருக்கும் உண்டு. ஆட்சி மாறிய பின் 1980 ஏப்ரலில் தொகை 60,000 ஆக உயர்த்தப்பட்டது. வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தனியார் குழுக்களின் பொறுப்பில் வந்தவர்கள். 1986-இல் ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் ஸ்தாபனம் தன் நான்சென் பதக்கத்தை, எந்த ஒரு தலைவருக்கும் தராமல், கனடா ஜனங்கள் அனைவருக்குமாகச் சேர்த்து வழங்கிற்று.

சரித்திரம் கிடக்கட்டும், குடும்பம் வந்திறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

குழுவினர் முன்கூட்டியே வாடகைக்கு ஒரு குடியிருப்பைப் பிடித்து, கட்டில், மெத்தை, பாத்திரம், குளிர்காலத்துக்கு வேண்டிய கனத்த கோட்டு, பனியில் வழுக்காத பூட்ஸ் எல்லாம் சேர்த்து வைத்திருப்பார்கள். சமையலறை அலமாரியைத் திறந்தால் டின்னில் அடைத்த சூப்பும், ஓட்ஸும், வேர்க்கடலை வெண்ணெயும் வரிசையாக இருக்கும். அரிசி என்றால் அரைக் கிலோப் பொட்டலம் ஒன்று மூலையில் இருக்கலாம். வைத்தவர்களின் அன்பில் குறையில்லை. தாங்கள் எதை ஆகாரம் என்று நினைக்கிறார்களோ அதை வாங்கி நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் அந்த வீட்டு அம்மாள் எண்ணெயைக் காயவைத்து மிளகாயையும் வெங்காயத்தையும் போட்டவுடன், கூரையில் பொருத்தியிருக்கும் புகைமணி ஊரைக் கூட்டுகிற சத்தத்தில் அலறத் தொடங்கும். குண்டுச் சத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்த பிள்ளைகள் மேஜைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்வதும் உண்டு. முறத்தையோ துண்டையோ விசிறி அந்த மணியை அடக்குவது எப்படி, ஜன்னலை எந்த அளவு திறந்து தாளிக்க வேண்டும், குப்பையில் எதை எந்த நிறத் தொட்டியில் எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பன போன்ற சில்லறை ஞானத்தைச் சொல்லித்தர ஒரு மனிதர் பக்கத்தில் வேண்டும். சர்க்கார் அச்சிட்டுத் தரும் கையேட்டில் இவையெல்லாம் இருந்தாலும், படித்து அறிகிற விஷயங்கள் அல்ல இவை.

பிறகு காகிதங்கள். வேலைக்குச் சேர சமூகக் காப்பு எண் வேண்டும். வைத்தியத்துக்கு ஓர் அட்டை வேண்டும். பாங்கியில் கணக்குத் திறக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். குழுவில் கார் வைத்திருக்கும் ஒருவர் இத்தனைக்கும் கூடவே வருவார். இங்கேதான் நான் முன்னே சொன்ன அளவுகோல் பயன்படுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர் உத்தமர்தான்; ஆனால் கூடவே பஸ்ஸில் ஏறி, எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்த வண்டிக்கு மாறுவது என்று இரண்டு தடவை காட்டிக்கொடுத்து, மூன்றாம் தடவை ‘நீங்களே போய் வாருங்கள்’ என்று சொல்லுகிறவர் அவரைவிடப் பெரிய உபகாரி. முந்தையவரை வீட்டார் அதிகமாக நேசிப்பார்கள் என்பதும் உண்மையே.

பணவிஷயம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாதது. விமானச் செலவை சர்க்கார் அகதிக்குத் தானமாகக் கொடுப்பதில்லை, கடனாகவே கொடுக்கிறது. நாலைந்து பேர் கொண்ட குடும்பம் புதுநாட்டில் கால் வைக்கும்போதே ஆயிரக்கணக்கான டாலர் கடன்காரனாகக் கால் வைக்கிறது. அதற்கு வட்டியும் வசூலித்துவந்தார்கள்; 2018-இல்தான் வட்டியை ரத்து செய்தார்கள்.

குழுவினருக்கும் குடும்பத்துக்கும் இடையே உண்டாகும் உறவு எப்போதும் இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. கொடுப்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கையில், கொடுப்பவனுக்குத் தான் மேலே உட்கார்ந்திருப்பது தெரிவதில்லை. வாங்குபவனுக்கு அது ஒரு கணமும் மறப்பதில்லை. மாதாந்தரப் பணத்தில் அந்தக் குடும்பம் விலையுயர்ந்த போன் வாங்கிவிட்டது என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பார். முகாமில் விட்டுவந்த தாயாரின் முகத்தைப் பார்க்க அது ஒன்றே வழி என்பது அவருக்குத் தோன்றாது. சின்ன ஊரொன்றில் ஊர் முழுதும் சேர்ந்து வரவேற்ற குடும்பம், ஒரு வருஷம் முடிந்தும் முடியாததுமாக மூட்டை கட்டிக்கொண்டு டொரண்டோவுக்கோ வான்கூவருக்கோ போய்விடும். 1979-இல் பரந்த கோதுமைச் சமவெளிகளின் சிற்றூர்களில் குடியேறிய வியட்நாமியரில் எத்தனையோ பேர் அப்படித்தான் பெருநகரங்களை நாடிப் போனார்கள். ‘இவ்வளவு செய்தோமே’ என்று ஊரார் மனம் வருந்தியது இயற்கை. ஆனால் தன் பாஷை பேசுகிறவர்களும், தன் கடையும், தன் கோயிலும், தகுந்த கூலியும் இருக்கும் இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு போகும் சாமர்த்தியம் ஒரு குடும்பத்துக்கு வந்துவிட்டதென்றால், அந்த ஊரார் செய்த காரியம் பலித்தது என்றுதான் அர்த்தம். நன்றி கெட்டவர்கள் என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

இவ்விஷயத்தில் மார்ட்டன் பைசர் என்ற மனநோய் மருத்துவ நிபுணர் செய்த ஆராய்ச்சி முக்கியமானது. வான்கூவர் பிரதேசத்தில் குடியேறிய தென்கிழக்காசிய அகதிகள் 1,348 பேரைத் தேர்ந்து, பத்து வருஷ காலம் விடாமல் தொடர்ந்து கவனித்தார் அவர். தனியார் பொறுப்பில் வந்தவர்கள் நாளடைவில் நல்லபடியாகவே காலூன்றினார்கள் என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. ஆனால் தங்கள் மதத்துக்கு வேறான மதசபையின் ஆதரவில் வந்தவர்களிடையே மனச்சோர்வு அதிகம் காணப்பட்டது என்பதும் அதே ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. யாரும் கழுத்தைப் பிடித்து மதம் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்து வாசலில் நிற்கும். சோறு போட்டவர்கள் கூப்பிடும்போது வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? புத்தரைத் தொழுது வளர்ந்தவர் பேசாமல் எழுந்து போய்ப் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிட்டு வருவார். கடமைப்பட்டவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் தவறு, நல்லவர்களே செய்யும் தவறு.

பாஷை விஷயத்தை எடுத்துக்கொண்டால், 1992 முதல் புதிதாக வருபவர்களுக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ இலவசமாகக் கற்பிக்கும் வகுப்புகளை மத்திய சர்க்கார் நடத்துகிறது. அதற்கு முந்தைய ஏற்பாட்டில், சம்பாதிக்கப் போகிறவர் எனக் கருதப்பட்ட குடும்பத் தலைவனுக்கே பெரும்பாலும் இடம் கிடைத்தது. மனைவி வீட்டோடு நின்றாள். புதிய ஏற்பாட்டில் பல இடங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். கைக்குழந்தைக்காரியும் பெஞ்சில் வந்து உட்கார முடிந்தது. ஆயினும் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கு இந்த வகுப்பில் இடமில்லை. பிள்ளைகளைக் கரையேற்றுவதற்காகப் பல வருஷம் இரவு வேலை பார்த்துவிட்டு, அவர்கள் தலையெடுத்தபின் சற்று ஓய்ந்து, ‘இனிமேல் நானும் நாலு எழுத்துப் படிக்கிறேன்’ என்று வரும் தாயிடம், ‘நீங்கள் இப்போது கனடாப் பிரஜை ஆயிற்றே’ என்று சொல்லிக் கதவைக் காட்டுகிறார்கள். அதற்கிடையில் அவளுக்காக டாக்டரிடம் பேசியதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். தாயின் உடம்பைப் பற்றி, தாய் தன் வாயால் பிள்ளையிடம் சொல்லக் கூசுகிற சங்கதிகளை, பன்னிரண்டு வயதுப் பையன் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி வருகிற அவஸ்தையைக் குடியேறிய வீடுகளில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வேலை விஷயமோ இதைவிடச் சிக்கல். டாக்டரும் எஞ்சினியரும் டாக்ஸி ஓட்டுகிறார்கள் என்பது அங்கே பழகிப்போன பேச்சு. ‘கனடாவில் வேலை பார்த்த அநுபவம் உண்டா?’ என்ற ஒரே கேள்வி, நேற்று வந்திறங்கியவனை வாசலிலேயே நிறுத்திவிடும். வேலை கொடுத்தால்தானே அநுபவம் வரும்! இக்கேள்வி மனித உரிமைக்கு முரணான பாரபட்சமாகும் என்று ஒண்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கை வெளியிட்டது; 2021-இல் சில தொழில்களுக்கு அந்த நிபந்தனையைச் சட்டமே தடுத்தது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து கனடா போன தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு விமான நிலையத்தில் கோட்டுடன் காத்திருந்த ஐவர் குழு எதுவும் கிடையாது. அவர்கள் தாமாகவே போய்ச் சேர்ந்து அடைக்கலம் கேட்டவர்கள். கனடா ஜனங்களுக்கு நான்சென் பதக்கம் கிடைத்த அதே 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த 155 தமிழர்களை, கஸ் டால்டன் என்னும் மீன்பிடிக் கப்பல் தலைவர் கண்டு கரைசேர்த்தார். இந்தியாவிலிருந்து நேராக வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னதும், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் என்பது பின்னால் வெளிப்பட்டதும், பத்திரிகைகளில் பெரும் ரகளையாயிற்று. அப்படியிருந்தும் சர்க்கார் அவர்களுக்குத் தங்கவும் வேலை செய்யவும் ஒரு வருஷ அனுமதி வழங்கிற்று. டொரண்டோவுக்கும் மாண்ட்ரியாலுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள்.

இவர்களைக் குடியமர்த்தியது யார்? முதலில் வந்தவன் அடுத்து வந்தவனைக் குடியமர்த்தினான். ஒரே ஊர்க்காரர் நாலைந்து பேர் ஓர் அறையில் முறைவைத்துத் தூங்கி, ஹோட்டல்களில் கோப்பை கழுவியும், இரவுத் தொழிற்சாலைகளில் நின்றும், விடியலில் பத்திரிகை போட்டும் சம்பாதித்தார்கள். பாங்கியில் கடன் பெயராத இடத்தில் சீட்டுப் பிடித்து வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். ஊர்ச் சங்கமும், பழைய மாணவர் சங்கமும், கோயிலும், டொரண்டோவின் ஸ்கார்பரோ வீதிகளில் எழுந்த பலசரக்குக் கடையும் செய்த சேவைக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவு இல்லை. தன் இனத்தார் கூட்டமாக இருக்கும் இடத்தில் வாழ்வது புது நாட்டோடு கலப்பதற்குத் தடை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆரம்ப வருஷங்களில் அப்படிப்பட்ட கூட்டமே மனத்தைக் காப்பாற்றும் கவசம் என்பது, வான்கூவரில் முன்பே வேரூன்றியிருந்த சீனர்களிடையே வந்துசேர்ந்த அகதிகளைக் கொண்டு பைசரும் கண்டறிந்த விஷயம்.

அழைப்பின்பேரில் வருகிறவனுக்கு ஒரு முகமும், அழையாமல் வந்தவனுக்கு வேறொரு முகமும் காட்டுவது கனடாவின் வழக்கம். 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களுடன் ‘சன் சீ’ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தபோது, கோட்டும் பூட்ஸும் கிடைக்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் உட்படக் காவலில் வைத்தார்கள். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் பலர். 2012-இல் இயற்றிய சட்டம், அவ்வாறு கூட்டமாக வருபவர்களைக் காவலில் வைக்கவும், அகதியென்று அங்கீகரித்த பின்னும் ஐந்து வருஷம் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கேட்க முடியாதபடி தடுக்கவும் வழிசெய்தது. காவலில் வைத்த எல்லைப் பாதுகாப்புத் துறை, பொதுப் பாதுகாப்பு மந்திரியின் கீழ் வருவது. 1983-இல் தாயாருடன் சிறுவனாகக் கனடா வந்த கரி ஆனந்தசங்கரி 2025 மே மாதம் அந்த மந்திரிப் பதவியை ஏற்றார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே 1983 முதல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களை நினையாமல் இதை எழுத முடியவில்லை. ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். பாஷை தடையில்லை, சாப்பாடு அந்நியமில்லை, கோயிலும் ஒன்றே. 2021-இல் முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். வீடுகள் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். உதவித்தொகை தவறாமல் வருகிறது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை மட்டும் வரவில்லை. அவர்களுக்கு முதல் மாதமே நாற்பது வருஷமாக நீண்டுகொண்டிருக்கிறது.

கனடாவின் முறையை மற்ற நாடுகள் கவனிக்கத் தொடங்கி, 2016-இல் பிரிட்டனும், பின்னர் அயர்லாந்து முதலிய நாடுகளும் தத்தம் வசதிக்கேற்ப அதைக் கைக்கொண்டன. அமெரிக்கா 2023-இல் தொடங்கி, 2025-இல் ஆட்சி மாறியதும் நிறுத்திவிட்டது. கனடாவிலேயே, ஐவர் குழுக்களிடமிருந்து வந்த விண்ணப்பங்கள் ஏற்கக்கூடிய தொகைக்கு மிஞ்சிக் குவிந்துவிட்டன என்று காரணம் சொல்லி, 2024 நவம்பர் இறுதியில் புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்திவைத்தார்கள். உபகாரம் செய்ய முன்வருவோர் தொகை அதிகமாகிவிட்டது என்பதற்காக வாசலைச் சாத்துகிற விந்தையை வேறெங்கும் கண்டதில்லை. சர்க்காருடன் நிரந்தர உடன்படிக்கை வைத்திருக்கும் மதசபைகளும் சங்கங்களும் மட்டும், வருஷத்துக்கு இத்தனை பேர் என்று விதித்த வரம்புக்குள், பெயர்களைத் தொடர்ந்து கொடுத்துவந்தன. முன்பே விண்ணப்பித்த ஐவர் குழுக்கள் சேர்த்த பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, முகாமில் பிறந்துவிட்ட புதுக் குழந்தையின் பெயரைப் படிவத்தில் சேர்ப்பது எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தன.